ஏற்காட்டு மூடுபனியைச் சதுரங்கப் பலகையில் இறக்குவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கும் நீங்களும் நண்பர்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கம் ஆடுகிறீர்கள். அவர்களில் ஒருவர் கைபேசிச் செயலியில் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பத்தாவது நகர்வுக்குள்ளேயே மற்றவர்களை மடக்கிவிடுவதால் ஆட்டம் சலித்துப்போய்விட்டது. ஆகவே புதிய சதுரங்கம் ஒன்றை உருவாக்கி, அதன் வரைவை அனுப்பி, இது தேறுமா, எப்படிச் சோதிப்பது, காப்புரிமை வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைவில் பத்துக்குப் பத்துப் பலகை, கொண்டை ஊசி வளைவு போல நெளிந்து செல்லும் ஒரு காய், எதிரில் நிற்பதைத் தள்ளிக்கொண்டு போகும் காட்டெருமை, பகடை உருட்டி ஏதேனும் ஒரு நெடுவரிசையின் மேல் இறக்கப்படும் மூடுபனி ஆகிய நான்கும் இருக்கின்றன. சேலத்தில் பல ஆண்டுகளாகப் போட்டிகளுக்கு நடுவராக இருந்து, மாற்றுச் சதுரங்கங்களை ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் வரைவில் ஒரு நல்ல விளையாட்டு இருக்கிறது. அதன் மேல் வேறு மூன்று விளையாட்டுகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

நாம் இன்று ஆடும் சதுரங்கமே ஒரு காலத்தில் மாற்று விளையாட்டாக இருந்ததுதான். இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பழைய ஆட்டத்தில், இன்று ராணி நிற்கும் இடத்தில் நின்ற அமைச்சர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர்ந்தார். இன்று பிஷப் நிற்கும் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாண்டியதால், அறுபத்து நான்கு கட்டங்களில் எட்டை மட்டுமே அதனால் தன் வாழ்நாளில் தொட முடிந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின், இத்தாலிப் பகுதிகளில் இந்த இரண்டு காய்களின் நகர்வும் நீட்டப்பட்டது; பலகையையோ காய்களின் எண்ணிக்கையையோ ராஜாவை மடக்கும் நோக்கத்தையோ எவரும் தொடவில்லை. அவ்வளவு சிறிய திருத்தத்தால் இரண்டே நகர்வில் மேட் ஆகும் அபாயம் வந்தது, சிப்பாய் கடைசி வரிசையை எட்டுவது ஆட்டத்தையே புரட்டும் நிகழ்வானது, தொடக்க நகர்வுகளைப் பற்றி நூல் நூலாக எழுத வேண்டிய தேவையும் பிறந்தது. மாற்றத்தின் அளவைவிட அதன் விளைவுகள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்பதைப் பார்த்தே ஒரு புதிய விதியை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா 1920களில் பத்துக்கு எட்டுப் பலகை ஒன்றை முன்வைத்து, யானையும் (மூலையில் நின்று நேர்கோட்டில் செல்லும் காய்) குதிரையும் சேர்ந்த ஒரு காயையும் பிஷப்பும் குதிரையும் சேர்ந்த ஒரு காயையும் சேர்த்தார். இதே கலப்புக் காய்களை 1617இல் கரேரா என்ற இத்தாலியரும் 1874இல் ஹென்றி பேர்டு என்ற ஆங்கிலேயரும் முன்மொழிந்திருந்தார்கள். பெரிய ஆட்டக்காரரின் பெயர் பின்னால் நின்றும் அந்த ஆட்டம் பரவலாக வேரூன்றவில்லை. புதிய பலகை தேவை, புதிய காய்கள் தேவை, ஆனால் ஆடி முடித்த பிறகு கிடைக்கும் அனுபவம் பழைய சதுரங்கத்தின் சற்றுப் பெருத்த வடிவம் என்றால், ஒருவர் எதற்காக அந்தச் சிரமத்தை மேற்கொள்ள வேண்டும்? ஆகவே உங்கள் பத்துக்குப் பத்துப் பலகையைத் தயங்காமல் கைவிட்டுவிடுங்கள். கடைவீதியில் கிடைக்கும் சாதாரணப் பலகையிலேயே ஆட முடிகிற விளையாட்டைத்தான் நாலு பேர் ஆடிப் பார்ப்பார்கள்.

காட்டெருமையையும் விட்டுவிடலாம். தள்ளப்படும் காய் பலகையின் விளிம்பைத் தாண்டினால் என்ன ஆகும், தன் ராஜாவையே தள்ளலாமா, எதிரியின் ராஜாவைச் செக்குக்குள் தள்ளினால் அது யாருடைய நகர்வு என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் எழுகின்றன. அவற்றுக்கெல்லாம் விடை எழுதினால் அது தனி விளையாட்டாகிவிடும்.

கொண்டை ஊசிக் காய் அப்படியல்ல. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூலைவாட்டில் ஒரு கட்டம் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம், மறுபடியும் வலம் என்று நெளிந்து நெளிந்து ஒரே திசையில் முன்னேறும் இத்தகைய காயை அமெரிக்கரான ரால்ஃப் பெட்ஸா முன்பே வகுத்திருக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும்; ஆனால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகிறவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை என்பது உங்களுக்குள்ள வசதி. அதன் வலிமையை எண்ணிப் பார்ப்போம். வெறும் பலகையில் டி4 கட்டத்தில் (நெடுவரிசைகளுக்கு இடமிருந்து ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்குக் கீழிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்) நிற்கும் பிஷப் 13 கட்டங்களை எட்டும்; யானை எங்கு நின்றாலும் 14 கட்டங்களை எட்டும். உங்கள் காயோ டி4இலிருந்து மேல்நோக்கி ஆறு, கீழ்நோக்கி ஐந்து, பக்கவாட்டில் புதிதாக வலப்புறம் நான்கு, இடப்புறம் மூன்று என 18 கட்டங்களை எட்டுகிறது. மேலும் டி6க்குச் செல்ல அதற்கு சி5 வழியாகவும் இ5 வழியாகவும் இரண்டு பாதைகள் இருப்பதால், பக்கத்தில் ஒரு காயை நிறுத்தி அதை அடைத்துவிட முடியாது. ஒவ்வோர் அடியும் மூலைவாட்டிலேயே நடப்பதால் பிஷப்பைப் போலவே அது பிறந்த நிறத்தை விட்டு வெளியேறாது என்பதுதான் அதன் ஒரே பெரிய குறை. நீங்கள் வரைவில் எழுதியிருப்பது போல அதைப் பிஷப்புக்கு இணையான காயாகக் கருதக் கூடாது. பலகையின் நடுவில் அது யானையோடு போட்டி போடும். இரு தரப்பிலும் பிஷப்புகளை எடுத்துவிட்டு இதை வைத்தால் நல்ல ஆட்டம் கிடைக்கும். ஆனால் அது இரண்டாவது விளையாட்டாக இருக்கட்டும். மூடுபனியோடு கலக்க வேண்டாம்.

மூடுபனிதான் உங்கள் சொந்தச் சரக்கு. பனி இறங்கிய நெடுவரிசையில் நிற்கும் காய் வெட்டவும் கூடாது, வெட்டப்படவும் கூடாது, ஆனால் நகரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரி போதும். அதோடு பகடையைச் சேர்த்ததுதான் சிக்கல். பகடைக்கு ஆறு முகம், நெடுவரிசைகள் எட்டு என்ற சிறு பிழையைத் தாயக்கட்டை கொண்டு சரிசெய்துவிடலாம். ஆனால் நன்கு திட்டமிட்ட தாக்குதல் ஒன்று, உருண்ட எண்ணால் கலைந்துபோனால் தோற்றவருக்கும் அதில் பாடமில்லை, வென்றவருக்கும் பெருமையில்லை. நால்வர் ஆடிய பழைய சதுரங்கத்தில் பகடை இருந்தது உண்மைதான். இருந்தும் உங்கள் குறை மனப்பாடத்தைப் பற்றியது. அதற்கு மருந்து குருட்டு அதிர்ஷ்டம் அல்ல. பனி எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். ஏ நெடுவரிசையில் தொடங்கி எச் வரை ஒவ்வொன்றாக அது நகர்ந்துகொண்டே இருக்கட்டும்.

எவ்வளவு வேகத்தில் என்பதுதான் இனி கேள்வி; ஆட்டத்தின் தலைவிதி இதில்தான் இருக்கிறது. வெள்ளையும் கறுப்பும் தலா ஒரு முறை ஆடி முடித்த பிறகு பனி ஒரு வரிசை நகர்வதாக வைத்துக்கொண்டால், ராஜாவும் ஒரு முறைக்கு ஒரு கட்டம் நகரக்கூடியது என்பதால், வழியில் வேறு காய் குறுக்கிடாத வரை அது பனியோடு பனியாக ஏ முதல் எச் வரை நடந்துகொண்டே இருக்கலாம். அவ்வளவு நேரமும் அதை யாராலும் தொட முடியாது. தோற்கும் நிலையில் உள்ளவர் எல்லோரும் இதையே செய்வார்கள்.

சரி, ஒவ்வொருவரும் ஆடிய உடனே பனி ஒரு வரிசை நகரட்டும் என்று வேகத்தைக் கூட்டினால் அந்த ஓட்டை அடைபடுகிறது. ஒரு தரப்பின் அடுத்தடுத்த முறைகளுக்கு இடையில் பனி இரண்டு வரிசை போய்விடுவதால் ராஜாவால் அதைத் தொடர முடியாது. ஆனால் இப்போது வேறொரு கோளாறு முளைக்கிறது. வெள்ளை முதலில் ஆடும்போது பனி ஏ வரிசையில், கறுப்பு ஆடும்போது பியில், மறுபடி வெள்ளைக்குச் சியில் என்று போனால், எட்டு இரட்டைப்படை எண் என்பதால், எத்தனை சுற்று ஆடினாலும் வெள்ளை ஆடும் நேரத்தில் பனி ஏ, சி, இ, ஜி வரிசைகளில் மட்டுமே இருக்கும். கறுப்பு ஆடும்போது பி, டி, எஃப், எச் மட்டுமே. பி வரிசையில் நிற்கும் கறுப்புக் காயை வெள்ளை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்; பனி அதை ஒருநாளும் காப்பாற்றாது. பார்வைக்குச் சமமாகத் தோன்றும் விதி இரு தரப்புக்கும் இரண்டு வெவ்வேறு பலகைகளைக் கொடுத்துவிடுகிறது. மூன்று முறைக்கு ஒரு தடவை பனியை நகர்த்திப் பார்த்தாலும் இதே கோணல் வேறு வடிவில் திரும்பி வரும்.

தீர்வு எளியது. எச் வரிசையைக் கடந்ததும் பனி உடனே ஏ வரிசைக்குத் திரும்பாமல், ஒரு முறை பலகைக்கு வெளியே நிற்கட்டும். சுழற்சி ஒன்பதாகிறது. ஒன்பது ஒற்றைப்படை என்பதால், முதல் சுற்றில் வெள்ளையின் முறைகளில் மூடப்பட்ட வரிசைகள் அடுத்த சுற்றில் கறுப்பின் முறைகளில் மூடப்படும். வானம் வெளுத்திருக்கும் அந்த ஒரு முறைக்காக இருவரும் காத்திருப்பதும் ஆட்டத்துக்குச் சுவை கூட்டும் என்று நினைக்கிறேன்.

செக் என்பதையும் மறுபடி வரையறுக்க வேண்டும். ராஜாவுக்கு ஆபத்து உண்டா என்பதை இந்த நிமிடத்துப் பனியை வைத்துப் பார்க்கக் கூடாது. எதிராளியின் முறை வரும்போது பனி எங்கே இருக்குமோ அதை வைத்துப் பார்க்க வேண்டும். நான் ஆடி முடித்து, பனி ஓர் அடி நகர்ந்த பிறகு, எதிராளியால் என் ராஜாவை வெட்ட முடியுமென்றால் அந்த நகர்வு செல்லாது. இதோடு, பனி காய்களுக்குத்தான் காப்பு, பார்வைக்குத் தடையல்ல என்பதையும் எழுதிவையுங்கள்; யானையும் பிஷப்பும் ராணியும் பனி மூடிய வெற்றுக் கட்டங்களைக் கடந்து தாக்கலாம்.

இனி உங்கள் மனப்பாட நண்பரைக் கவனிப்போம். பனி ஏ வரிசையில் தொடங்குவதாகக் கொண்டால், வெள்ளையின் மூன்றாவது நகர்வின்போது அது இ வரிசையில் இருக்கும். இ4, இ5, குதிரை எஃப்3 என்று எல்லோரும் ஆடும் தொடக்கத்தில், வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயைத் தாக்குகிறது, ஆகவே கறுப்பு குதிரை சி6 என்று காக்க வேண்டும் என்பது பாலபாடம். இங்கே மூன்றாவது நகர்வில் அந்தச் சிப்பாய் பனிக்குள் இருப்பதால் வெள்ளையால் வெட்டவே முடியாது. கறுப்பு அந்த ஒரு முறையை வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். இன்னொன்று: இ4க்கு டி5 என்று பதில் சொல்லும் ஸ்காண்டினேவியன் தொடக்கத்தில், வெள்ளைச் சிப்பாய் டி5இல் வெட்டியதும் கறுப்பு ராணி அதைத் திரும்ப வெட்டுவது வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் பனி சரியாக டி வரிசையில் இருக்கிறது. ராணியும் பனிக்குள், டி5 சிப்பாயும் பனிக்குள். வெட்ட முடியாது. அடுத்த நகர்வில் வெள்ளை சி4 என்று தாங்கிக்கொள்ளும். செயலியில் படித்த இரண்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாய் போய்விட்டது.

ஆனால் பனி எப்போதும் ஏ வரிசையிலேயே தொடங்கினால், அவர் இதற்கும் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு வருவார். ஆகவே ஆட்டம் தொடங்குமுன் பனி எங்கிருந்து புறப்பட வேண்டும் என்பதைக் கறுப்பு தேர்ந்தெடுக்கட்டும். பலகைக்கு வெளியே என்பதையும் சேர்த்து ஒன்பது தொடக்கங்கள் கிடைக்கும். முதல் நகர்வால் வெள்ளைக்கு இயல்பாக உள்ள சிறு அனுகூலத்துக்கும் இது ஈடாகலாம். பாபி ஃபிஷர் 1996இல் புவனஸ் அயர்ஸ் நகரில் அறிவித்த ஆட்டமும் இதே நோய்க்கான மருந்துதான். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்கும் அந்த ஆட்டத்தில் பிஷப்புகள் எதிரெதிர் நிறங்களில் நிற்க 16 வழி, மிஞ்சிய ஆறு இடங்களில் ராணிக்கு 6 வழி, ஐந்து இடங்களில் இரு குதிரைகளுக்கு 10 வழி, எஞ்சிய மூன்றில் இரு யானைகளுக்கு நடுவே ராஜா என்று மொத்தம் 960 தொடக்கங்கள். உங்கள் விளையாட்டு தயாராகும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஆடலாம். நண்பரின் மனப்பாடத்துக்கு அங்கேயே பாதி வேலை போய்விடும்.

ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்தும் கோட்டை கட்டுவதை முற்றாக நீக்கிவிடச் சொல்வேன். ராஜா செக்கில் இருக்கக் கூடாது, செக் உள்ள கட்டத்தைக் கடக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு பனியும் சேர்ந்தால் ஒவ்வொரு தடவையும் நடுவரைக் கூப்பிட வேண்டிவரும். கோட்டை இல்லாமல் ஆட்டம் கெட்டுவிடாது. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் முன்வைத்த கோட்டையில்லாச் சதுரங்கம் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ என்ற கணினி நிரல் கொண்டு ஆராயப்பட்டது. 2021இல் டார்ட்மண்ட் நகரில் அந்த விதியின்படி நடந்த போட்டியில் நம் விஸ்வநாதன் ஆனந்த் கிராம்னிக்கை 2.5க்கு 1.5 என்று வென்றார்.

பெரும்பாலான புதிய சதுரங்கங்கள் தொடக்கத்தில் கலகலப்பாக இருந்து, காய்கள் குறைந்த பிறகு படுத்துவிடும். ஆகவே முடிவு ஆட்டத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வெள்ளை ராஜா இ6, யானை எச்8, கறுப்பு ராஜா இ8 என்ற நிலை சாதாரணச் சதுரங்கத்தில் மேட். மூடுபனியில் வெள்ளையின் அடுத்த முறையின்போது பனி எச்சில் இருந்தால் யானையால் வெட்ட முடியாது என்பதால் செக்கே இல்லை. டியிலோ எஃப்பிலோ இருந்தால் கறுப்பு ராஜா அந்த வரிசைக்குள் நுழைந்து தப்பிவிடும். இயில் இருந்தால் வெள்ளை ராஜாவே பனிக்குள் சிக்கி, தான் காவல் காத்த கட்டங்களை இழக்கிறது. ஏ, பி, சி, ஜி, பலகைக்கு வெளியே ஆகிய ஐந்து நிலைகளில்தான் அது மேட். ஒன்பதில் ஐந்து என்பது நல்ல விகிதம்: வெல்ல முடியும், ஆனால் காலம் பார்த்து வெல்ல வேண்டும்.

ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா என்ற விதியிலும் ஒரு முடிவெடுக்க வேண்டும். காய்கள், ஆட வேண்டியவர், பனி இருக்குமிடம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அதே நிலை என்று கொண்டால், ஒரு நிலை மறுபடி வருவதற்கு இரு தரப்பும் குறைந்தது ஒன்பது நகர்வுகள் ஆடியிருக்க வேண்டும். மூன்றாம் தடவை வர பதினெட்டு. தொடர் செக் கொடுத்து டிரா செய்வது கடினமாகும். எனக்கு அது பிடித்திருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் பனியைக் கணக்கில் எடுக்காமல் எண்ணிக்கொள்ளலாம்.

சோதனைக்கு வருவோம். நீங்கள் நால்வரும் இணை இணையாகப் பிரிந்து, ஒவ்வோர் இணையும் நிறம் மாற்றி இரு ஆட்டங்கள் ஆடி, எல்லா நகர்வுகளையும் எழுதிவையுங்கள். ஒரு நெடுவரிசை அகலத்துக்கு வெட்டிய டிரேசிங் காகிதத்தை பனியாகப் பயன்படுத்தலாம். ஆடியவரே காகிதத்தையும் நகர்த்திவிட்டுத்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும், இல்லையென்றால் இருபதாவது நகர்வில் பனி எங்கே என்று தகராறு வரும். மனப்பாட நண்பரிடம், வெல்வதற்காக ஆடாமல் விதியை உடைப்பதற்காக ஆடும்படி சொல்லுங்கள். இதற்கு அவரைவிடத் தகுந்தவர் இல்லை. சுவையாகத் தோன்றும் விதிக்குள் ஒரு தரப்பின் வெற்றி ஒளிந்திருக்கலாம். வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும், எல்லாக் காய்களையும் இழப்பவரே வென்றவர் என்ற தலைகீழ்ச் சதுரங்கத்தில் வெள்ளை இ3 என்று தொடங்கினால் வெற்றி உறுதி என்பதை மார்க் வாட்கின்ஸ் 2016இல் கணினி கொண்டு நிறுவினார். ராணியும் குதிரையும் சேர்ந்த ஒற்றை மகாராஜா ஒரு முழுப் படையை எதிர்க்கும் ஆட்டத்திலும் படைக்காரர் கவனமாக ஆடினால் வெல்வது தீர்ந்த விஷயம். சமமில்லாத படைகளே தவறு என்று இதற்குப் பொருளில்லை. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் நம் ஆடு புலி ஆட்டத்தைக் கோயில் மண்டபத் தரைகளில் கீறி வைத்து ஆடியிருக்கிறார்கள். படைகள் வேறாக இருந்தும் இரு பக்கமும் உட்கார ஆளுக்குப் பஞ்சமில்லை. கணினியில் சோதிக்க விரும்பினால் ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச நிரல் பல மாற்றுச் சதுரங்கங்களை ஆடும். ஆனால் நேரத்தோடு நகரும் பனியைச் சேர்க்க, நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் அதன் உள்ளே கைவைக்க வேண்டியிருக்கும்.

காப்புரிமை கிடைக்காது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இன் 3(எம்) பிரிவு, விளையாட்டை ஆடும் முறையைக் கண்டுபிடிப்பாகக் கருத முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் எழுதும் விதிநூலின் வாசகத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அதே விதிகளை இன்னொருவர் தம் சொற்களில் எழுதி ஆடுவதை அது தடுக்காது.

எழுதும்போது விடுபட்டுவிடக் கூடாத இரண்டு சிறு விஷயங்கள் உள்ளன. இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை வழியில் வெட்டும் உரிமை அடுத்த ஒரு முறைக்கு மட்டுமே உரியது. அந்த முறையில் வெட்டும் சிப்பாயோ வெட்டப்படும் சிப்பாயோ பனிக்குள் இருந்தால் உரிமை அப்படியே கழிந்துவிடும் என்று எழுதுங்கள். பனிக்குள் நேராக முன்னேறிக் கடைசி வரிசையை எட்டும் சிப்பாய் அப்போதே ராணியாகலாமா என்பதற்கு நான் ஆகலாம் என்றுதான் சொல்வேன். பனி விலகும் வரை புது ராணியால் வெட்ட முடியாது என்பதே போதுமான கட்டுப்பாடு. ஆனால் இதை முதல் சில ஆட்டங்களில் இரு விதமாகவும் ஆடிப் பார்த்துவிட்டு, நகர்வுக் குறிப்புகளோடு எனக்கு எழுதுங்கள்.